போடிமெட்டு ஏறும் பைக்குக்கு ஜெட் மாற்றணுமா? ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் ஒரு கணக்கு

போடிநாயக்கனூரில் இருந்து முந்தல் சோதனைச் சாவடி வரை அலுங்காமல் ஓடும் பைக், மலைப்பாதையில் நாலைந்து கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் முரண்டு பிடிக்கும். வளைவில் ஆக்ஸிலேட்டரை விட்டால் அணையும். திரும்ப முறுக்கினால் ஒரு நொடி திணறும். பின்னால் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வரும் ஜீப் ஹாரன் அடிக்கும். போடி, தேவாரம், பொட்டிபுரம் பக்கத்தில் இருந்து பழைய பைக்கில் தினமும் மலைக்குப் போய் வருபவர்களுக்கு இது புதுக்கதை இல்லை.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "மலைக்கு ஏத்த மாதிரி ஸ்லோ ஜெட்டை மாத்திருவோம்ணே." யூடியூபிலும் அதே வைத்தியம். ஆன்லைனில் ஆறு சைஸ் ஜெட் அடங்கிய பாக்கெட்டே கிடைக்கிறது.

இந்தப் பாதையில் ஓடும் பெரும்பாலான வண்டிகளுக்கு ஜெட் மாற்றுவது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. அதை முதல் வேலையாகச் செய்வதால் பெட்ரோலும் போகிறது, இன்ஜினும் போகிறது, சில நேரம் உயிருக்கே ஆபத்தாகிறது. ஏன் என்று பார்ப்போம்.

பைலட் ஜெட் செய்யும் வேலை என்ன?

மெக்கானிக் 'ஸ்லோ ஜெட்' என்று சொல்வதும் புத்தகம் 'பைலட் ஜெட்' என்று சொல்வதும் ஒன்றுதான். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்துக்குள், மெயின் ஜெட்டுக்குப் பக்கத்துக் குழியில் உட்கார்ந்திருக்கும் சின்ன பித்தளைத் துண்டு அது. நடுவில் மயிரிழை போல ஒரு துளை. பல மாடல்களில் பக்கவாட்டிலும் குட்டிக் குட்டித் துளைகள் இருக்கும். அவை காற்றைக் கலந்து பெட்ரோலை நுரையாக்க.

ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது இன்ஜினுக்குச் சோறு போடுவது இந்தத் துளைதான். ஆக்ஸிலேட்டரை முழு முறுக்கில் எட்டில் ஒரு பங்கு திறக்கும் வரை இதன் ராஜ்ஜியம். கால் பங்கு தாண்டியதும் ஊசி பொறுப்பேற்கிறது. முக்கால் பங்குக்கு மேல் மெயின் ஜெட்.

இந்த ஒரு விஷயம் புரிந்தாலே பாதி குழப்பம் தீரும். பின்னால் ஒரு ஆளும் ஒரு மூட்டையும் வைத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கும்? பாதிக்கு மேல். அங்கே பைலட் ஜெட்டுக்கு வேலையே குறைவு. ஆக, "ஏத்தத்துல இழுக்கல" என்ற புகாருக்குப் பைலட் ஜெட்டை மாற்றுவது, பல்வலிக்குக் காலில் கட்டுப் போடுவது மாதிரி. கிளட்ச் பிளேட், அடைத்த ஏர் ஃபில்டர், தேய்ந்த பிஸ்டன் ரிங், பின்னால் இருக்கும் எடை என்று அதற்கு வேறு காரணங்களைத் தேட வேண்டும்.

"வளைவில் ஆக்ஸிலேட்டரை விட்டா அணையுது", "திரும்ப முறுக்கும்போது திணறுது", "இறங்கும்போது சைலன்ஸர் படபடன்னு வெடிக்குது". இந்த மூன்றுக்கும் பைலட் சர்க்யூட்டைச் சந்தேகப்படலாம். சர்க்யூட்டை என்றுதான் சொன்னது, ஜெட்டின் நம்பரை இல்லை. இரண்டுக்கும் இடையே நிறைய வித்தியாசம் இருக்கிறது.

மலை ஏறினால் கலவை எவ்வளவு மாறும்?

போடி நகரம் கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி போடிமெட்டு போய்ச் சேரும்போது ஆயிரம் மீட்டர் கூடியிருக்கும். மேலே காற்று மெலிசு. இந்த உயர வித்தியாசத்துக்குக் காற்றின் அடர்த்தி சுமார் 10 சதவீதம் குறையும்.

அப்படியானால் பெட்ரோலையும் 10 சதவீதம் குறைக்க வேண்டுமா? இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். கார்புரேட்டர் பெட்ரோலை உறிஞ்சுவது காற்று வேகமாக ஓடும்போது உண்டாகும் அழுத்தக் குறைவால். காற்று மெலிந்தால் அந்த உறிஞ்சலும் கொஞ்சம் தளரும். அதனால் பெட்ரோலும் தானாகவே ஓரளவு குறைந்துவிடும், காற்று குறைந்த அளவுக்குக் குறையாது, அவ்வளவுதான். இயற்பியல்படி பெட்ரோல் ஓட்டம் காற்றடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பின்தொடரும். காற்று 10 சதவீதம் குறைந்தால் பெட்ரோல் 5 சதவீதம் குறையும். மிச்சம் இருக்கும் சுமார் 5 சதவீதம்தான் கூடுதல். கலவை அந்த அளவுக்கு 'ரிச்' ஆகிறது.

இப்போது ஜெட் பக்கம் வருவோம். கீஹின் வகை ஜெட்டில் 38 என்று பொறித்திருந்தால் துளையின் விட்டம் 0.38 மி.மீ. அதைக் கழற்றிவிட்டு 35 போட்டால் விட்டம் கொஞ்சம்தான் குறைந்த மாதிரி தெரியும். ஆனால் பெட்ரோல் ஓடுவது துளையின் பரப்பு வழியாக. 35-ஐ 38-ஆல் வகுத்து, வர்க்கப்படுத்திப் பாருங்கள்: பரப்பு 15 சதவீதம் குறைகிறது. 20-ஆம் நம்பரில் இருந்து 17.5-க்கு இறங்கினால் 23 சதவீதத்துக்கு மேல்.

மலை கேட்பது 5 சதவீதம், ஜெட் கொடுப்பது 15 சதவீதம்! மேட்டில் சரியாக இருக்கும் என்று நினைத்துப் போட்ட ஜெட், மேட்டிலேயே வண்டியை 'லீன்' ஆக்கிவிடும். சாயங்காலம் போடிக்கு இறங்கினால் இன்னும் மோசம். காலையில் ஏறி மாலையில் இறங்கும் வண்டிக்கு எந்த ஊருக்காக ஜெட் போடுவது?

இந்த 5 சதவீதத்துக்கு கார்புரேட்டரிலேயே ஒரு ஏற்பாடு இருக்கிறது, பக்கவாட்டில் இருக்கும் மிக்ஸர் ஸ்க்ரூ. கால் திருப்பு, மிஞ்சினால் அரைத் திருப்பு. ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும்.

ஜெட் மாற்றம் தேவைப்படும் உயரம் வேறு. லடாக்கில் 5,000 மீட்டரைத் தாண்டும் கணவாய்களில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் கிட்டத்தட்ட 60 சதவீதம்தான். அங்கே கலவை கால் பங்குக்கு மேல் ரிச் ஆகிவிடும், ஸ்க்ரூவால் சமாளிக்க முடியாது. அங்கே போய் வந்தவர்கள் போடும் வீடியோவைப் பார்த்துவிட்டு போடிமெட்டுக்கு ஜெட் வாங்குவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இ20 பெட்ரோல் உள்ளே நுழைகிறது

இன்னொரு விஷயத்தை இந்தக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். 20 சதவீத எத்தனால் கலப்பை 2030-ல் எட்டலாம் என்றிருந்த இலக்கை மத்திய அரசு முன்னுக்கு இழுத்து, 2025-லேயே எட்டியது. 10 சதவீதத்தை எட்டியது 2022 ஜூனில்.

எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அது எரியக் குறைந்த காற்று போதும். சுத்தமான பெட்ரோலில் ஒரு பங்கு எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். இ20-க்கு ஏறக்குறைய 13.5 போதும். பழைய பெட்ரோலுக்கு அளவெடுத்து வைத்த ஜெட்டில் இ20 ஓடினால் கலவை சுமார் 8 சதவீதம் லீன். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சென்சார் இருப்பதால் அது ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்தப் புத்தி கிடையாது.

அதாவது, எத்தனாலுக்கு முந்தைய காலத்துக் கார்புரேட்டர் வண்டி ஒன்று இன்று போடியில் லீனாக ஓடுகிறது. மலை ஏற ஏற அந்த லீன் கொஞ்சம் கொஞ்சமாக ஈடாகிறது. மேட்டில்தான் அது தன் பழைய நிலைக்குப் பக்கத்தில் வருகிறது! அந்த நேரம் பார்த்து "மலைக்கு ஜெட்டைச் சின்னதாக்கணும்" என்பது நேர் எதிர்த்திசை. 1985 முதல் 1996 வரை விற்ற யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ இன்னும் பூஜை அறைச் சாமி மாதிரி வைத்திருப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கலாம். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் லீன் கலவையால் சூடு ஏறும், பிஸ்டன் ஜாம் ஆகும். அது வளைவில் நடந்தால் பின் சக்கரம் இறுகி நிற்கும்.

அப்புறம் ஏன் அணையுது?

பெரும்பாலும் அழுக்கு. 0.38 மி.மீ. துளையை அடைக்க ஒரு தூசு போதும். தோட்டத்து மண்சாலை, மாதக்கணக்கில் தட்டிப் பார்க்காத ஏர் ஃபில்டர், பாட்டிலில் வாங்கி ஊற்றிய பெட்ரோல், மழைக்காலத்தில் டாங்கில் சேரும் தண்ணீர் எல்லாம் சேர்ந்து முதலில் அடைப்பது மெயின் ஜெட்டை இல்லை, அதைவிடச் சின்னதான இந்த ஸ்லோ ஜெட்டைத்தான். எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உள்ளது. பத்து நாள் ஓடாமல் மழையில் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் முதல் சந்தேகம் அங்கே போக வேண்டும்.

சோதிக்கக் காசு செலவில்லை. இன்ஜின் ஆறிய பிறகு, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்தால், தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக உருளும். சிவப்புத் துகள் தெரிந்தால் டாங்க் உள்ளே துருப்பிடிக்கிறது என்று அர்த்தம். அதைக் கவனிக்காமல் எந்த ஜெட் போட்டாலும் ஒரு வாரம்தான்.

அடுத்தது காற்றுக் கசிவு. கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பர் வெடித்திருந்தால் அந்த வழியாக அளவில்லாக் காற்று நுழையும், ஐட்லிங் ஏறி இறங்கும். வண்டி ஐட்லிங்கில் இருக்கும்போது இணைப்பைச் சுற்றி சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். டேப்பட் இறுகிப்போன ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியும் சூடானதும் ஐட்லிங்கில் நிற்காது. மலையேறிச் சூடான பிறகு மட்டும் அணையும் வண்டிகளில் இதைப் பார்க்காமல் விடக் கூடாது. டாங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தால் சில கிலோமீட்டர் ஓடி அணையும், மூடியைத் திறந்து மூடினால் மறுபடி ஓடும். காலைப் பனியில் முதல் உதையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் அதற்குச் சோக் இருக்கிறது. ஜெட்டைப் பெரிதாக்குவது அதற்கு மருந்து இல்லை.

ஐட்லிங்கை ஏத்தி வைப்பது ஏன் ஆபத்து?

அணைகிற வண்டிக்கு அவசர வைத்தியமாக ஐட்லிங் ஸ்க்ரூவை முறுக்கி ஏற்றிவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. சமவெளியில் இதனால் பெட்ரோல் மட்டும்தான் போகும். போடிமெட்டில் இருந்து இறங்குகிறவருக்கு நிலைமை வேறு. ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வண்டியைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இன்ஜின் பிடித்து வேகம் குறைப்பது பலவீனமாகும், அந்த வேலையெல்லாம் பிரேக் தலையில் விழும். பழைய பைக்குகளில் இருப்பது டிரம் பிரேக். 17 வளைவு முழுக்க அமுக்கிக்கொண்டே வந்தால் சூடாகிப் பிடிமானம் குறையும். அணைகிற பிரச்சினையை மறைக்கப் போய் நிற்காத பிரச்சினையை வாங்கிக்கொள்வது இது.

அதேபோல இன்னொரு பழக்கம்: பெட்ரோல் மிச்சம் என்று சாவியை ஆஃப் செய்துவிட்டு கியரில் இறங்குவது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஆக்ஸிலேட்டரை விட்டாலே பெட்ரோல் நிற்கும்படி கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். கார்புரேட்டரில் அப்படி இல்லை. சாவி ஆஃபில் இருந்தாலும் சக்கரம் இன்ஜினைச் சுற்றும், இன்ஜின் பைலட் ஜெட் வழியாகப் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சைலன்ஸரில் சேரும். கீழே வந்து சாவியைப் போட்டதும் 'டமார்'. மிச்சமானது எதுவும் இல்லை. நியூட்ரலில் இறங்குபவர்களுக்கு இன்ஜின் பிடிப்பே கிடையாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, எப்போதுதான் மாற்றுவது?

ஜெட் மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. முன்னால் யாரோ ஒரு மெக்கானிக் ஸ்டீல் கம்பி விட்டுத் துளையைப் பெரிதாக்கியிருக்கலாம். வேறு வண்டியின் கார்புரேட்டரை மாட்டியிருக்கலாம். ஏர் ஃபில்டரையும் சைலன்ஸரையும் மாற்றி 'மாடிஃபை' செய்திருக்கலாம். எல்லாம் சுத்தமாக இருந்தும் இ20-இல் லீனாகவே ஓடலாம். அப்போது மாற்றத்தான் வேண்டும். அதை முடிவு செய்வது ஆளின் யூகமாக இருக்கக் கூடாது, ஸ்க்ரூ சொல்ல வேண்டும்.

வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். முதலில் மிக்ஸர் ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ, வெளியே திருப்பினால் லீன். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, வெளியே திருப்பினால் ரிச். இந்த வேறுபாடு தெரியாமல் திருப்புகிறவர்கள் சரியாக எதிர்த்திசையில் போய், பிறகு ஜெட் மீது பழி போடுகிறார்கள்.

ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே முட்டும் வரை திருப்பி, எத்தனை திருப்பு என்று எண்ணி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இறுக்க வேண்டாம், கூர்முனை நசுங்கும். பிறகு வெளியே திருப்பிக்கொண்டே வந்து, ஐட்லிங் எங்கே அதிகமாகவும் சீராகவும் இருக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். அந்த இடம் ஒன்றுக்கும் இரண்டரைக்கும் இடையில் விழுந்தால் ஜெட் சரி, கையை எடுத்துவிடலாம். காற்று ஸ்க்ரூ ஒரு திருப்புக்கும் குறைவாக உள்ளே போனால்தான் நன்றாக ஓடுகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை, ஒரு சைஸ் பெரிய ஜெட். மூன்று திருப்பு வெளியே வந்தும் போதவில்லை என்றால் ஒரு சைஸ் சின்னது. பெட்ரோல் ஸ்க்ரூவுக்கு இதை அப்படியே தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். நிறுவனம் சொல்லும் திருப்புக் கணக்கு வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். சில வண்டிகளில் புகை விதிக்காக இந்த ஸ்க்ரூவையே மூடி வைத்திருப்பார்கள். புகைச் சான்று சோதனை ஐட்லிங்கில்தான் நடக்கும் என்பதால் பைலட் கலவையில் கை வைத்தால் அங்கே தெரியவரலாம்.

ஜெட் வாங்கும்போது எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். கீஹின் எண்ணும் மிக்குனி எண்ணும் ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. சில வகையில் எண் விட்டத்தைக் குறிக்கும், சிலவற்றில் பெட்ரோல் ஓட்டத்தின் அளவை. மரையும் நீளமும் கூட வேறு. ஜப்பானின் மிக்குனி தொழில்நுட்பத்தோடு கார்புரேட்டர் செய்த யூகால் நிறுவனம் சென்னையைச் சேர்ந்தது, எனவே அந்த வகைக்கு நம் ஊரில் சரியான பாகம் தேடுவது பெரிய காரியம் இல்லை. கழற்றிய பழைய ஜெட்டையே கடைக்குக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குவது உத்தமம். எண்ணே பொறிக்காத ஜெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

மாட்டும்போது கவனம்

பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தை வடித்து, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டிய வேலை. பீடி, சிகரெட்டுக்கு இடமில்லை. ஜெட் பித்தளை, மெத்தென்று இருக்கும். குழியின் அகலத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர் இல்லாவிட்டால் முதல் திருப்பிலேயே தலை மழுங்கும். அப்புறம் கார்புரேட்டரையே மாற்ற வேண்டி வரலாம்.

கழற்றியதும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். துளையில் முழு வட்டமாக வெளிச்சப் புள்ளி தெரிய வேண்டும். தெரியவில்லையா? பிரச்சினை கிடைத்துவிட்டது, புது ஜெட் வாங்க வேண்டியதில்லை. கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு, காற்றால் ஊத வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு. கிளட்ச் கேபிள் இழையையோ ஊக்கையோ உள்ளே விட வேண்டாம். கீறல் விழுந்தால் 38 என்று பொறித்த ஜெட் எந்த நம்பராக மாறியது என்று யாருக்கும் தெரியாது. ஜெட் இருந்த குழியையும் அதற்குப் போகும் வழியையும் ஊதுவது ஜெட்டைச் சுத்தம் செய்வதற்குச் சமமான முக்கியம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

புதியதைக் கையால் மரை பிடிக்க வைத்து, உட்கார்ந்ததும் லேசாக ஒரு அழுத்தம். போதும். மிக்ஸர் ஸ்க்ரூவைக் கழற்றியிருந்தால் ஸ்பிரிங், வாஷர், குட்டி ஓ-ரிங் மூன்றும் அதே வரிசையில் திரும்பிப் போக வேண்டும். எத்தனாலில் ஊறி உப்பிய ஓ-ரிங்கை அப்படியே மாட்டினால் மறுபடி காற்றுக் கசிவுதான்.

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லலாமா?

முடியாது. ஸ்க்ரூவைத் திருப்பி, காது கொடுத்துக் கேட்டு, ரப்பரைச் சோதித்து, டேப்பட் பார்க்க முக்கால் மணி நேரம் ஆகும். கடைசியில் "ஒண்ணும் மாத்தல, கிளீன் பண்ணி அட்ஜஸ்ட் பண்ணிருக்கேன்" என்று கூலி கேட்டால், "எதையுமே மாத்தலையே, எதுக்கு இவ்ளோ?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். பாகம் ஒன்றைக் கையில் காட்டினால் அதே ஆள் பேசாமல் பணம் கொடுப்பார். அப்படி இருக்கும்போது மெக்கானிக் ஜெட்டை மாற்றாமல் வேறு என்ன செய்வார்?

2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு ஷோரூமில் இருந்து வரும் பைக்குகள் கிட்டத்தட்ட எல்லாமே இன்ஜெக்‌ஷன். ஆனால் ஏலக்காய்த் தோட்டத்துக்கு மேஸ்திரியாகவும் காவலுக்கும் போகிறவர்கள் அடுத்த மாதமே புது வண்டி வாங்கப் போவதில்லை. கையில் இருக்கும் பழைய ஸ்ப்ளெண்டரும் எக்ஸ்எல் சூப்பரும் இன்னும் பல வருடம் அந்த 17 வளைவுகளில் ஏறி இறங்கத்தான் போகின்றன. அடுத்த முறை ஒர்க்‌ஷாப்பில் "ஜெட்டை மாத்திரலாமா?" என்று கேட்டால், "முதல்ல கழட்டி வெளிச்சத்துல காட்டுங்கண்ணே, துளை தெரியுதான்னு பாப்போம். கிளீன் பண்ற கூலிய தந்துர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள்.